வானத்தின் தீர்ப்பும் நமது பஞ்சாங்கங்களும்

உடுப்பிட்டியிலும் அயற் கிராமங்களிலும் சில வீடுகளில் வாக்கிய பஞ்சாங்கம் வழங்குகிறது. சில வீடுகளில் திருக்கணிதம். எது சரியானது என்று கேட்டால், "எங்கள் வீட்டில் பரம்பரையாக இதுதான்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அதே வீட்டில் விஞ்ஞானம் பயிலும் மாணவனை நோக்கி, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு ஆதாரம் யாது என வினவினால், "புத்தகத்தில் இருக்கிறது" என்பான். இவ்விரு விடைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மிகச் சிறிது. இரண்டும் அதிகாரத்தின் வாயிலிருந்து கேட்டுப் பெற்றவை. நமது வானியற் கல்வியின்மீது நாம் சாட்டும் குற்றம் இதுவே.

இக்குறை நேற்று முளைத்ததன்று. உடுப்பிட்டியில் இன்றும் தமது பெயரைத் தாங்கும் கல்லூரி ஒன்றை விட்டுச் சென்ற அமெரிக்க மிஷனார், 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவி வானசாஸ்திரத்தையும் பாடமாக வைத்தனர். 1829 இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் பற்றி யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார் கணித்ததும், செமினரித் தலைவர் டானியல் பூவர் கணித்ததும் வேறுபட்டன. வானம் பூவரின் கணக்குக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேற்கின் அறிவு கிழக்கின் அறியாமையை வென்ற கதையாக இதனைச் சொல்லுவோர் உளர். மிஷனாரோ ஒரு படி மேலே சென்று, கணக்கின் வெற்றியைத் தம் சமயத்தின் வெற்றியாகவும் காட்ட முற்பட்டனர். கிரகணக் கணக்குச் சரியாயிருப்பதால் கணித்தவரின் சமயம் மெய்யாகிவிடுமா? பிழைத்தால் பொய்யாகிவிடுமா? கணக்கு எதைச் சோதித்ததோ அதைப் பற்றி மாத்திரமே அது சாட்சி சொல்லும். விஞ்ஞானச் சிந்தனையின் முதற்பாடம் இது. அன்று வென்றவர்களும் இப்பாடத்தைக் கற்கவில்லை.

நம்மவர் அறியாமையில் மூழ்கிக் கிடந்தனர் என்பதும் உண்மையன்று. கிரகணம் நிழலால் நிகழ்வது என்பதை 499 இலேயே ஆரியபடர் எழுதிவைத்தார். 1825 இல் புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் ஒருவர், நிலத்தில் சோழிகளைப் பரப்பி, மனனஞ் செய்த வாக்கியங்களில் பொதிந்திருந்த எண்களைக் கொண்டே அவ்வாண்டு மே மாத இறுதியில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அதனைப் பதிவுசெய்தவர் கேணல் ஜோன் வாறன். கணக்கில் நேர்ந்த பிழை, தொடக்கத்தில் 4 நிமிடம். முடிவில் 52 நிமிடம். கருவி எதுவுமின்றி எட்டிய இந்த நுட்பம் வியக்கத்தக்கதே. ஆயின் அக்கணிதர் தாம் கையாண்ட விதிகளின் காரணத்தை அறிந்திருக்கவில்லை என்றும் வாறன் குறித்துள்ளார். காரணம் அறியாதவனால் விதியைப் பின்பற்ற முடியும்; திருத்த முடியாது. வாக்கிய மரபின் பெருமையும் சோகமும் இதில் அடங்கியுள்ளன.

திருத்தும் துணிவு நமது மரபுக்கு அந்நியமானதுமன்று. கேரளத்துப் பரமேசுவரர் நெடுங்காலம் கிரகணங்களைக் கண்ணால் நோக்கிப் பழைய கணக்குகளைத் திருத்தி, 1431 இல் 'திருக்கணிதம்' என்ற நூலை ஆக்கினார். இச்சொல்லில் உள்ள 'திருக்' என்பது பார்வை எனப் பொருள்படும். பார்த்துத் திருத்திய கணிதமே திருக்கணிதம். அப்பெயரை வைத்துக்கொண்டு பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டோம்.

2020 டிசம்பர் 21 ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். அன்று மாலை மேற்கு வானில் வியாழனும் சனியும் முழுமதியின் அகலத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இடைவெளியில் நெருங்கி நின்றன. மேகம் மறைக்காத இடங்களிலெல்லாம் வெறுங் கண்ணுக்கே அக்காட்சி புலப்பட்டது. திருக்கணிதத்தின்படி இரண்டும் மகரத்தில் இருந்தன. வாக்கிய கணக்கின்படியோ, வியாழன் நவம்பர் 15 இலேயே மகரம் புகுந்துவிட்டது. சனி டிசம்பர் 27 வரை தனுசைவிட்டு நகரவில்லை. வானில் ஒட்டி நின்ற இரு கிரகங்கள் ஏட்டில் பல பாகை விலகி நின்றன! இராசியின் எல்லையை எங்கே வகுப்பது என்பது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு, அதுபற்றி வாதிடலாம். இரு கிரகங்களும் அருகருகே நின்றனவா என்பதில் வாதத்துக்கு இடமில்லை. சராசரி வேகத்தில் உள்ள சிறு பிழையும் நூற்றாண்டுக் கணக்கில் திரண்டு பெரும் பிழையாகும் என்பதே இதற்குக் காரணம். எந்நாளில் விழா எடுப்பது என்பது அவரவர் வழக்கம். சனி எங்கே நிற்கிறது என்பதை வழக்கம் தீர்மானிக்க இயலாது.

நமது பாடசாலைகள் இதற்கு என்ன செய்கின்றன? கிரகங்களின் பெயர்களையும் தூரங்களையும் மனனஞ் செய்விக்கின்றன. சோழிகளும் வாக்கியங்களும் போய் வினாத்தாள்கள் வந்துள்ளன, மனனம் மாறவில்லை. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் உடுப்பிட்டியில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. பாடசாலை முற்றத்தில் நட்ட கோலின் நிழல் அடியோடு மறைந்துவிடும். அதே நாளில் காலியில் நட்ட ஒரு மீற்றர்க் கோலுக்கு நடுப்பகலில் 6 அல்லது 7 சதமமீற்றர் நிழல் விழும். ஏன்? சூரியன் மிகத் தொலைவில் உள்ளதெனக் கொண்டால், நிலம் வளைந்திருத்தல் வேண்டும். சூரியன் அண்மையில் உள்ளதெனக் கொண்டால், தட்டையான நிலத்திலும் இது நிகழலாம். இவ்விரண்டில் எது சரி? சந்திர கிரகணத்தின்போது பூமியின் நிழல் விளிம்பு எப்பொழுதும் வட்டமாகவே விழுவதை இங்கே துணைக்கு அழைக்க வேண்டும். இவ்வாறு ஒரு சான்றை மற்றொரு சான்றால் சோதித்து முன்னேறுவதே விஞ்ஞானம். இதற்கு வேண்டியவை ஒரு கோலும், ஒரு நூலும், "அது எப்படித் தெரியும்?" என்று மாணவன் கேட்கும்போது சினவாத ஆசிரியர் ஒருவருமே.

இது வெறும் பாடத்திட்டப் பிரச்சினையன்று. சனிப்பெயர்ச்சிப் பலன்களை விற்போர், வெங்காயச் செய்கையாளனின் கடனுக்கும் கடற்றொழிலாளியின் வெறும் வலைக்கும் சனியின்மேற் பழி சுமத்துகின்றனர். சனி நிற்கும் இடத்தையே சோதித்தறியப் பழகாத மக்கள், அச்சனியின் பெயரால் சொல்லப்படும் காரணங்களை எங்ஙனம் சோதிப்பர்? விலையை யார் தீர்மானிக்கின்றனர், வட்டியை யார் வாங்குகின்றனர் என்ற கேள்விகள் எழாதிருப்பதால் இலாபமடைவோர் உளர். கிரகணத்தின் காரணத்தைக் கேட்டுப் பழகிய மாணவன் வறுமையின் காரணத்தையும் ஒருநாள் கேட்பான். வருகின்ற சித்திரையில் முற்றத்தில் ஒரு கோலை நடுமாறு ஆசிரியத் தோழர்களை நாம் வேண்டுவது இதன் பொருட்டே.