சின்னத்திரையும் வட்டாரப் பேச்சின் மதிப்பும்: ஐதராபாத் காட்டும் சான்றுகள்

முன்னுரை

தொலைக்காட்சி அன்றாட வாழ்வை மாற்றியது என்பதற்குச் சான்று தேட வேண்டுவதில்லை. 1987 சனவரி முதல் 1988 சூலை வரை ஞாயிறுதோறும் காலையில் ‘இராமாயணம்’ ஒளிபரப்பானபோது கடைத்தெருக்கள் ஆளின்றிக் கிடந்தன. உண்ணும் நேரமும், உறவினரைக் காணச் செல்லும் நேரமும், பிள்ளைகள் படிக்கும் நேரமும் நிகழ்ச்சிநிரலுக்கேற்ப இடம்பெயர்ந்தன. இவை கண்ணுக்குப் புலனாகும் மாற்றங்கள். எண்ணத்தில் நிகழும் மாற்றமோ அத்துணை எளிதில் புலனாவதில்லை. அவ்வகை மாற்றங்களுள் மொழியியலார் கருதத்தக்கது ஒன்றுண்டு. தம் வீட்டில் பேசும் பேச்சை ஒருவர் தாமே எவ்வாறு மதிக்கிறார் என்பதே அது. தொலைக்காட்சி இம்மதிப்பை எவ்வாறு ஆக்கவும் குலைக்கவும் வல்லது என்பதை, ஐதராபாத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த ஒளிபரப்பு வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

1. இருவேறு கருத்துகள்

தொலைக்காட்சி வட்டார வழக்குகளை அழித்து அனைவரையும் ஒரே மொழி பேசச் செய்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. மொழியியலார் பலர் இதனை ஏற்பதில்லை. கனடிய மொழியியலார் ஜே. கே. சேம்பர்ஸ் 1998 இல் வெளிவந்த கட்டுரையில் இதனை ஒரு கட்டுக்கதை என்றே மறுத்தார். ஒலிப்பும் இலக்கணமும் மக்கள் ஒருவரோடொருவர் பழகுவதால் பரவுவன. திரையிலிருந்து சொற்களும் சொற்றொடர்களும் பெறப்படலாமேயன்றி ஒலியமைப்பு பெறப்படுவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். எனினும் 2013 இல் ஜேன் ஸ்டூவர்ட்-ஸ்மித்தும் அவருடன் ஆய்ந்தோரும் கிளாஸ்கோ நகர இளையோரின் பேச்சை ஆராய்ந்து, இலண்டன் வாழ்வைச் சித்திரிக்கும் தொடரொன்றில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டமையும் இலண்டன் ஒலிப்புக் கூறுகளின் பரவலுக்குத் துணைநின்ற காரணிகளுள் ஒன்று எனக் காட்டினர்.

இவ்விரு நிலைப்பாடுகளும் ஒலிப்பு மாறியதா, இல்லையா என்னும் ஒரே வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. பேச்சு மாறாதிருக்கும்போதே பேச்சின் மதிப்பு மாறக்கூடுமா என்பது அதனின் வேறான வினா. ஐதராபாத்தின் வரலாறு இவ்வினாவுக்கே விடை தருகிறது.

2. செயற்கைக்கோள் வழிக் கல்வி

1975 ஆகசுட்டு முதல் 1976 சூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையுடன் இந்தியாவில் தொலைக்காட்சிவழிக் கல்விச் சோதனை நடைபெற்றது. ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பெற்றன. நிகழ்ச்சிகளை உருவாக்கும் நிலையங்கள் தில்லி, கட்டாக், ஐதராபாத் ஆகிய மூன்று இடங்களில் அமைந்தன. உழவு, உடல்நலம், குடும்பநலம் ஆகியவை பற்றிய செய்திகள் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஐதராபாத்திலிருந்து ஆயத்தமாயின.

இத்திட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. ஆயின் அதன் மொழிக்கொள்கை ஒருவழிப்பட்டது. அறிவு நகரத்திலிருந்து சிற்றூருக்குச் செல்வது. எனவே அறிவின் மொழியும் நகரத்தின் மொழியே என்னும் கருத்து அதில் சொல்லாமலே அடங்கியிருந்தது. இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. பேராசிரியர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962 இலேயே தெலுங்கு உழவர்களின் தொழிற்சொற்களை வட்டாரந்தோறும் திரட்டி அகராதியாக வெளியிட்டிருந்தார். ஏர், நுகம், விதைப்பு, அறுவடை ஆகியவற்றுக்கு உழவர் வழங்கிய சொற்கள் அறிஞர் கையில் இருந்தன. அவற்றைப் பேசுவோர் அறிவு பெறுவோராகக் கருதப்பட்டனரேயன்றி அறிவு தருவோராகக் கருதப்படவில்லை. அதே 1975 இல் குசராத்தின் கேடா மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் வேறு வழியில் சென்றது. அங்கு உள்ளூர் வழக்கிலேயே, உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் நிகழ்ச்சிகள் உருவாயின. ஆதலின் மாற்றுவழி அக்காலத்தில் எவருக்கும் தெரியாதிருந்தது என்று கூற இயலாது.

3. திரையில் நிலைபெற்ற பொதுமொழி

தெலுங்கு வழக்குகளைக் கிருஷ்ணமூர்த்தி நான்கு வட்டாரங்களாகப் பகுப்பார். அவை வடக்கு (தெலங்கானா), தெற்கு (இராயலசீமை), கிழக்கு (கலிங்கம்), நடு (கோதாவரி, கிருஷ்ணா, குண்டூர்) என்பன. இவற்றுள் நடு வட்டாரத்துக் கற்றோர் பேச்சே எழுத்துக்கும் ஒலிபரப்புக்கும் பொதுமொழியாயிற்று. நிசாம் ஆட்சியில் உருது ஆட்சிமொழியாகவும் கல்விமொழியாகவும் இருந்தமையால், தெலங்கானாப் பேச்சு அப்பொதுமொழி உருவான களத்துக்குப் புறத்தே நின்றது. 1956 இல் ஆந்திரப் பிரதேசம் அமைந்து ஐதராபாத் அதன் தலைநகரானபின், நகரத்தைச் சுற்றிலும் ஒரு வழக்கும் நகரத்தின் நிறுவனங்களில் வேறொரு வழக்கும் நிலவலாயின.

‘வந்தான்’ என்பதற்குப் பொதுமொழி ‘வச்சாடு’ எனும். தெலங்கானா ‘வச்சிண்டு’ எனும். ‘எப்படி’ என்பதற்கு முன்னது ‘எலா’, பின்னது ‘எட்ல’. மருத்துவமனை அங்கு ‘ஆசுபத்ரி’, இங்கு ‘தவாகானா’. சட்டை அங்கு ‘சொக்கா’, இங்கு தமிழருக்கும் அறிமுகமான ‘அங்கி’. இவ்வேறுபாடுகளில் உயர்வு தாழ்வுக்கு இலக்கண அடிப்படை ஏதுமில்லை. அடிப்படை இல்லாத இடத்தில் திரை அதனைப் படைத்துத் தந்தது. திரைப்படத்திலும் பின்னர்த் தொலைக்காட்சியிலும் காதலனும் மருத்துவரும் நீதிபதியும் ‘வச்சாடு’ என்றனர். கோமாளியும் அடியாளும் ‘வச்சிண்டு’ என்றனர். நாள்தோறும் மாலையில் இதனைக் காணும் சிறுவன் தன் ஒலிப்பை மாற்றிக்கொள்ளாமலிருக்கலாம். ஆனால், தன் தாயின் பேச்சு சிரிப்பதற்குரியது என்பதைக் கற்றுக்கொள்கிறான். பள்ளியில் வாய்திறக்கத் தயங்கும் நிலை இதிலிருந்தே தோன்றுகிறது.

1995 ஆகசுட்டில் ஈ டிவி தொடங்கியபின் இப்பொதுமொழியின் எல்லை மேலும் விரிந்தது. 2000 முதல் வங்காளம், மராத்தி, கன்னடம், உருது உள்ளிட்ட பல மொழி அலைவரிசைகளும் ஐதராபாத்தை அடுத்த இராமோஜி திரைப்பட நகரிலிருந்து இயங்கின. ஒரு மாநிலத்தின் செய்தி, அம்மாநிலத் தெருக்களின் ஓசை எட்டாத வளாகத்தில் அமர்ந்து படிக்கப்பட்டது. மொழியை அது பேசப்படும் மண்ணிலிருந்து பிரித்தெடுத்து வழங்க இயலும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

4. வழக்கின் மீள்வருகை

தெலங்கானா இயக்கம் நீர், நிலம், வேலைவாய்ப்பு ஆகியவற்றோடு மொழிமதிப்பையும் ஒரு கோரிக்கையாக முன்வைத்தது. 2011 இல் டி நியூஸ், 2012 இல் வி6 ஆகிய அலைவரிசைகள் தோன்றின. வி6 இன் ‘தீன்மார் வார்த்தலு’ வட்டார வழக்கிலேயே செய்திகளை அங்கதச் சுவையுடன் வழங்கிப் பெருவரவேற்புப் பெற்றது. 2014 சூன் 2 இல் தனிமாநிலம் அமைந்தபின், கவிஞர் காளோஜியின் பிறந்தநாளான செப்டம்பர் 9 தெலங்கானா மொழி நாளாயிற்று. லம்பாடிப்பள்ளி என்னும் சிற்றூரிலிருந்து இயங்கும் இணையக் காணொளி நிகழ்ச்சியால் புகழ்பெற்ற கங்கவ்வா, 2020 இல் ‘பிக் பாஸ்’ தெலுங்கு நிகழ்ச்சியில் தம் பேச்சை மாற்றிக்கொள்ளாமலே பங்கேற்றார். எந்தக் கருவி மதிப்பைக் குறைத்ததோ அதே கருவி அதனை மீட்கவும் கூடும் என்பது இதனால் பெறப்படும்.

ஆயினும் இம்மீட்சியை அளவறிந்து மதிப்பிடல் வேண்டும். முதலாவதாக, வழக்குக்குக் கிடைத்த பேரிடம் அங்கதச் செய்தியே ஆகும். சிரிக்கப்படும் பொருளாக இருந்த பேச்சு சிரிக்கவைக்கும் கருவியாக உயர்ந்தது உண்மை. ஆயினும் சிரிப்பு என்னும் எல்லையை அது முற்றிலும் கடந்துவிடவில்லை. இரண்டாவதாக, திரையில் ஒலிக்கும் ‘தெலங்கானா மொழி’ எளிதில் இனங்காணத்தக்க சில கூறுகளின் தொகுப்பாகச் சுருங்கும் இயல்புடையது. ஆதிலாபாத்தும் மகபூப்நகரும் ஒரே வகையாகப் பேசுவதில்லை. மூன்றாவதாக, அம்மண்ணிலேயே வாழும் கோண்டி, லம்பாடி மொழியினர் இப்போட்டிக்கு வெளியே நிற்கின்றனர். ஒரு பொதுமொழியின் ஆதிக்கத்தை எதிர்த்தெழுந்த வழக்கு, தானே மற்றொரு பொதுமொழியாகும் வாய்ப்பை மறத்தலாகாது.

5. தமிழ்ச் சூழலுடன் ஒப்பீடு

தமிழிலும் இதனை ஒத்த நிலை உண்டு. சென்னைத் தமிழ், நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ், ஈழத் தமிழ் ஆகியவை நகைச்சுவைக் காட்சிகளில் பெறும் இடத்தைச் செய்தியிலோ கலந்துரையாடலிலோ பெறுவது அரிது. தமிழ்ச் சூழலில் ஆங்கிலக் கலப்பு மற்றொரு கூறாகச் சேர்கிறது. 2006 இல் தொடங்கிய மக்கள் தொலைக்காட்சி கலப்பற்ற தமிழைக் கொள்கையாகக் கொண்டது போற்றத்தக்கது. எனினும் அதன் ‘தமிழ்பேசு தங்கக்காசு’ நிகழ்ச்சி எதிர்பாராத உண்மையொன்றையும் வெளிப்படுத்திற்று. தாய்மொழியில் கலப்பின்றிச் சில மணித்துளிகள் பேசுதல், பரிசு பெறத்தக்க அருஞ்செயலாகிவிட்டது என்பதே அது. மேலும், வேற்றுமொழிச் சொல்லை நீக்குவதும் வட்டாரச் சொல்லை மதிப்பதும் இருவேறு பணிகள். முன்னதைச் செய்வோர் பின்னதையும் செய்துவிட்டதாகக் கருதுதல் பொருந்தாது. கொங்கு நாட்டு உழவரின் சொல் பிறமொழிச் சொல்லன்று. ஆயினும் தூய தமிழில் அமைந்த செய்தியறிக்கையிலும் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

முடிவுரை

தொலைக்காட்சி மக்களின் பேச்சை மாற்றுவதைவிட, தம் பேச்சைப் பற்றி மக்கள் கொள்ளும் கருத்தையே முதலில் மாற்றுகிறது. பேச்சைக் கைவிடும் முடிவு அக்கருத்திலிருந்தே பின்னர்ப் பிறக்கக்கூடும். ஆகவே, ஒரு வழக்கு திரையில் எத்தனை மணிநேரம் ஒலிக்கிறது என்னும் கணக்கு மட்டும் போதாது. அது எப்பொருள் பற்றி, யாருடைய வாயில், எந்நோக்கத்தில் ஒலிக்கிறது என்பதும் ஆராயப்படல் வேண்டும். மழை பற்றிய அறிவிப்பும், நோய் பற்றிய மருத்துவர் விளக்கமும், வரவுசெலவுத் திட்டம் பற்றிய உரையாடலும் ஒரு வழக்கில் இயல்பாக நிகழுமாயின், அவ்வழக்கு மதிப்புப் பெற்றது எனலாம். நகைச்சுவைக்கு மட்டும் அழைக்கப்படும் வழக்கு, எத்துணைக் கைதட்டல் பெற்றபோதிலும், இன்னும் விருந்தினர் நிலையிலேயே உள்ளது. தமிழ் அலைவரிசைகளை இவ்வளவுகோலால் ஆராய்ந்து, வட்டாரந்தோறும் முடிவுகளைத் தொகுத்தல் தமிழ் மொழியியலார்முன் உள்ள பணியாகும்.