ஸ்கிபாடீ: இசைத்தட்டுக்கு வெளியே ஒரு குரல்

2022 பெப்ரவரி 27இல் லண்டன் எம்.சி. ஸ்கிபாடீ தனது 47வது வயதில் மறைந்தார். கால் நூற்றாண்டுக் காலம் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் இரவுகளில் ஒலிவாங்கி பிடித்த இக்கலைஞரை ஆல்பங்களைக் கொண்டு எடைபோட முனைவது தவறு என்பதே என் வாதம்.

இவ்விசையின் தாளம் நிமிடத்துக்கு 170 அடிகளுக்கு மேல் ஓடுவது. அதன்மேல் இரட்டை வேகத்தில் சொற்களை அடுக்கியும் ஓர் அசைகூடப் பிசகாமல் மூச்சைப் பங்கிட்டவர் அவர். டிஜே மாற்றும் ஒவ்வொரு தட்டுக்கும், கூட்டத்தின் நாடிக்கும் ஏற்ப அக்கணமே சொல்லைத் திருப்பவேண்டும். இப்பிரதி நிகழ்விலேயே பிறந்து நிகழ்விலேயே முடிகிறது. எஞ்சுபவை பெரும்பாலும் நடன இரவுகளில் பதிவாகிப் பெட்டிகளாக விற்கப்பட்ட கசற்றுகளும், அனுமதியற்ற வானொலிகளின் பதிவுகளும்தான்.

1997இல் மேர்க்கூரி பரிசு இவ்விசையைத் தேடி வந்தபோதும், அது றொனி சைஸ் குழுவினரின் 'நியூ ஃபோர்ம்ஸ்' என்ற ஆல்பத்துக்கே கிடைத்தது. அங்கீகாரம் தட்டுக்கு, மேடைக்கு அல்ல.

வேகத்தை விமர்சனமின்றி ஏற்கவும் முடியாது. 2024இல் மறைந்த எம்.சி. கொன்றாட், இசைக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்பதையும் கலையாக்கியவர். ஸ்கிபாடீயிடம் வேகம் விளையாட்டாக இருந்தது; அவரைப் போலச் செய்தவர்கள் பலரிடம் அது வெறும் உடற்பயிற்சியாயிற்று.

ஆயினும், 2000களின் தொடக்கத்தில் லண்டனில் எழுந்த கிரைம் இசையின் குரல்கள் பல இந்த ஜங்கிள் மேடைகளைக் கேட்டு வளர்ந்தவை. தட்டேறியதை மட்டும் இசையென எண்ணும் வரலாறு இந்த வேரைக் காணாது. அக்கசற்றுகள் தேய்ந்து அழியுமுன் அவற்றைப் பிரதியாக வாசிக்கும் விமர்சனமே நமக்குத் தேவை.