துண்டும் கடவுச்சீட்டும்

மலையக இலக்கியத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக இரண்டு பாராட்டுகளைச் சொல்லி முடித்துவிடுகிறோம். உழைப்பாளியின் கண்ணீரை அது உலகறியச் செய்தது என்பது ஒன்று. லயத்து வாழ்வை யதார்த்தமாகச் சித்திரித்தது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆனால், கண்ணீர் சிந்திய அம்மக்களைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது எத்தகைய அமைப்பு, அதில் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற கேள்விகளுக்கு நமது கதைகளில் விடை தேடினால் பெரும்பாலும் அகப்படுபவன் ஒரே ஒரு மனிதன்தான்: தலைப்பாகை கட்டி, ஆசை வார்த்தை பேசும் கங்காணி. அவனைக் கெட்டவனாக்கிவிட்டால் எழுத்தாளனின் கடமை தீர்ந்தது என்றொரு மரபு நம்மிடையே வேரூன்றிவிட்டது.

இம்மரபைப் பரிசீலிக்க வேண்டிய அவசியம் இன்று வந்திருக்கிறது. பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களுக்கு ஒரு காலத்தில் ஆட்களைக் கொண்டுவந்த பாதையைப் போலவே, அங்கிருந்து ஆட்களை வெளியே கொண்டுபோகும் பாதையொன்று நம் கண்முன்னே இயங்குகிறது. பழைய பாதையின் கணக்கைச் சரியாக எழுதாத நாம் புதிய பாதையையும் சரியாக எழுதப்போவதில்லை என்பதே என் அச்சம்.

பழைய கணக்கைப் பார்ப்போம். தோட்டத்துரை கங்காணிக்கு முன்பணம் கொடுத்தான். கங்காணி தன் ஊருக்குப் போய், தன் சாதியிலும் உறவிலும் ஆள் சேர்த்தான். வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகரத்துண்டொன்று அவன் கழுத்தில் தொங்கியது. எந்தத் துரையின் கணக்கில் அவன் பயணச்செலவு எழுதப்பட வேண்டும் என்பதை அது சொல்லிற்று. மண்டபம் முகாமில் அவனைப் பரிசோதித்தார்கள். 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். தோட்டத்தில் ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு கிடைத்தது.

இந்த அமைப்பின் உயிர்நாடி 'துண்டு' எனப்பட்ட ஒரு சிறு காகிதம். இவன் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவனை விடுவிக்கத் தயார் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. அந்தக் கடனை வேறொரு துரை கட்டினால் தொழிலாளி தோட்டம் மாறுவான். கடன் மட்டும் மாறாது. காகிதத்தில் எழுதப்பட்டது கடன், கைமாறியது மனிதன். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் தன்னைப் பற்றிய காகிதம் தன் கையில் இல்லாத நிலை ஒழியவில்லை.

அதன் விலை 1949இல் தெரிந்தது. பிரஜாவுரிமை கேட்டவர்கள், 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது சட்டம். மணமாகாதவர்களுக்குப் பத்து ஆண்டுகள். சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேர். தகரத்துண்டு போட்டு அழைத்துவரப்பட்டவர்களின் வாரிசுகளிடம் 'வந்த சீட்டு எங்கே?' என்று கேட்டது அரசு. சீட்டு எப்போதும் துரையிடமும் கங்காணியிடமும்தானே இருந்தது!

மறுபக்கம், சட்டபூர்வமான வழி அடைபட்டதும் இராமநாதபுரக் கரையிலிருந்து இரவில் தோணிகள் புறப்பட்டன. முகாம் அதிகாரியின் இடத்தைத் தோணிக்காரன் பிடித்தான். வந்தவர்களுள் தோட்டங்களில் உற்றார் உறவினர் உடையோரும் இருந்தனர். 1963இல் இதைத் தடுக்க இராணுவத்தில் தனிப்படையே அமைக்கப்பட்டது. அந்தத் தோணியின் பெயர், தோணியையே கண்டிராத ஒரு சமூகம் முழுவதற்கும் வசையாயிற்று: கள்ளத்தோணி! துரைமாருக்குத் தேவைப்பட்டபோது 'தொழிலாளர் வருகை'. தேவை தீர்ந்தபோது 'கள்ளக் குடியேற்றம்'. 1964 ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. திரும்பியவர்களை வரவேற்றதும் அதே மண்டபம் முகாம்தான்.

இந்தப் பின்னணியில் நமது படைப்புகளை எடைபோட வேண்டும். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1930களிலேயே திருநெல்வேலிச் சேரிப் பெண்ணொருத்தியைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பின்தொடர்ந்து சென்றது. அத்துணிவு மகத்தானது. எனினும் அங்கே நம் நெஞ்சில் நிற்பது மருதியின் துயரம். அத்துயரத்தை ஏற்றுமதி செய்த நிர்வாகம் பின்னணியில் மங்கியே இருக்கிறது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' பழமொழியைத் தலைப்பாக்கி, ஏமாந்த நம்பிக்கையைப் பேசுகிறது. அதன் பரிவு போற்றத்தக்கது. ஆனால் அந்தப் பச்சையைத் தூரத்தில் காட்டியவனுக்குப் பின்னால் இருந்த பணத்தை இன்னும் அழுத்தமாகக் காட்டியிருக்கலாம். இவ்வகையில் நான் மேலாக மதிப்பது பி. எச். டேனியலின் 'எரியும் பனிக்காடு'. அது ஊவாவின் கதையன்று, ஆனைமலையின் கதை. தோட்ட மருத்துவராக இருந்த ஆசிரியர், முன்பணம் எப்படிக் கடனாகிறது, கடன் எப்படி ஆண்டுகளாகிறது என்பதைக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்துவைத்தாற்போலக் காட்டுகிறார். மேஸ்திரி அங்கே கொடியவன்தான். ஆனால் அவனும் ஒரு சங்கிலியின் கண்ணி என்பது வாசகனுக்குப் புரிகிறது.

இனி இன்றைய சங்கிலி. தோட்டத்துக்கு வரும் உபமுகவன் பெரும்பாலும் தெரிந்தவன், சில வேளை உறவினன். குடும்பத்துக்கு முன்பணம் கொடுக்கிறான். அடையாள அட்டையையும் புகைப்படத்தையும் வாங்கிக்கொள்கிறான். அவனுக்கு உரிமப்பத்திரம் கிடையாது. ஆகவே பதிவேட்டில் பெயரும் கிடையாது. அவனுக்கு மேலே கொழும்பு முகவர், அப்பால் வளைகுடா முகவர், அதற்கும் அப்பால் பணம் கொடுத்தேன் என்பதற்காகவே பணிப்பெண்ணின் கடவுச்சீட்டைப் பூட்டிவைக்கும் எசமானி. ஒவ்வொரு கண்ணிக்கும் அடுத்த கண்ணியைத்தான் தெரியும். கங்காணியாவது அதே மழையில் நனைந்து தோட்டத்தில் வாழ்ந்தான். உபமுகவன் விமானம் ஏறுவதேயில்லை.

மூதூர் மலையகமன்று, ஆயினும் ரிசானா நபீக்கின் கதை இச்சங்கிலியின் வேலையை எல்லோருக்கும் காட்டியது. பதினேழு வயதுச் சிறுமிக்கு இருபத்துமூன்று வயது என்று கடவுச்சீட்டு எழுதி 2005இல் சவூதிக்கு அனுப்பினார்கள். பராமரித்த குழந்தை இறந்தபோது அந்தப் பொய்வயதே அவள் கழுத்துக்குக் கத்தியாயிற்று. 2013 ஜனவரியில் அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அதே 2013இல் அரசு குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார் வீட்டுப் பணிக்குச் செல்வதைத் தடுத்தது. நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். கொழுந்துக்கூலி வயிற்றுக்குப் போதாத வீட்டில் தடை பசியைத் தீர்ப்பதில்லை. தரகனுக்கு வாடிக்கையைச் சேர்க்கிறது. சுற்றுலா விசாவில் அனுப்பும் வித்தை அவன் கையில் இருக்கிறது. பொருளாதாரம் சரிந்த 2022இல் அவ்விசாவில் கொண்டுசெல்லப்பட்ட பெண்கள் ஓமானில் சிக்கித் தவித்த செய்தி நாட்டையே உலுக்கியது. தூதரகத்தின் அதிகாரி ஒருவரே கைதானார்.

2000ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்பாடுகள் ஆட்கடத்தலையும், எல்லைதாண்டக் கூலி வாங்கி உதவுவதையும் இரண்டு குற்றங்களாகப் பிரிக்கின்றன. முதலதில் சுரண்டல் உண்டு. பின்னதில் எல்லை தாண்டியதும் உறவு முடிகிறது என்பது கணக்கு. சட்டத்துக்கு இப்பிரிவு தேவை. ஆனால் கடனோடு எல்லை தாண்டியவருக்கு உறவு எங்கே முடிகிறது? தன் விருப்பத்தோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டவள், கடவுச்சீட்டு பூட்டப்பட்ட மறுகணம் எந்தப் பிரிவில் சேர்க்கப்படுவாள்? இந்த மங்கிய எல்லைக்கோட்டில்தான் மனித வாழ்வு நசுங்குகிறது. அங்குதான் இலக்கியத்துக்கு வேலை இருக்கிறது.

இன்று பணிப்பெண்களைப் பற்றி எழுதப்படும் கதைகள் பல, பெட்டியில் வந்த பிணத்தோடோ பித்துப்பிடித்துத் திரும்பிய பெண்ணோடோ முடிந்துவிடுகின்றன. கங்காணியின் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்து, அவனையே உபமுகவனாக உலவவிடுகிறார்கள். வாசகன் அழுகிறான், அவனைத் திட்டுகிறான், புத்தகத்தை மூடுகிறான். சங்கிலி அப்படியே இருக்கிறது.

கோ. நடேசய்யர் அந்நியர் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் துணி வியாபாரியாக வேடமிட்டுப் போனார். பரிதாபப்படுவதற்காக அவர் போகவில்லை. அங்கே நடப்பதை அறிந்து, தொழிலாளிக்கே எடுத்துச்சொல்லப் போனார். நமது எழுத்தாளர்களுக்கு வேண்டியது அந்த அறியும் ஆர்வம். முன்பணம் யார் கொடுத்தது, வட்டி யாருக்குப் போனது, வயதை மாற்றி எழுதிய பேனா எந்த மேசையில் இருந்தது, கடவுச்சீட்டு எந்த அலுமாரியில் இருக்கிறது — இவற்றைக் கதைக்குள் கொண்டுவருவது கலையைக் கெடுக்கும் என்பார்கள் சிலர். தன்னைக் கட்டிய கயிறு எங்கே முடிச்சிடப்பட்டிருக்கிறது என்று ஒரு பசறைப் பெண்ணுக்குக் காட்டாத கலை, அவள் அழுகையை விற்கும் இன்னொரு முகவர் வேலையே ஆகும்.