மாடி அறைக் கிடாரை எப்படி ரசிப்பது

வீட்டுப் பையனிடம் கிடார் இருக்கிறது என்று தெரிந்ததும் விருந்தாளிகள் முதலில் சொல்வது, "எங்கே, ஒரு பாட்டு வாசி பார்ப்போம்." நாலு வரி சினிமாப் பாட்டு வாசித்துவிட்டால் கைதட்டல், காப்பி, முடிந்தது. அதே பையன் மாடி அறையில் பெடல்களைத் தரையில் பரப்பி, ஒரே தந்தியைச் சுண்டிச் சுண்டி, திருகுகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருக்கும்போது யாரும் மாடி ஏறுவதில்லை. "என்னவோ நோண்டிக்கிட்டிருக்கான்" என்று கீழேயே இருந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டியதே அந்த நோண்டலைத்தான். டிசம்பர் சீசனில் ஒரே ராகத்துக்கு முக்கால் மணி நேரம் அசையாமல் உட்காரும் காதுகள் இதற்கு மூன்று நிமிடம்கூடத் தருவதில்லை என்பது என் நெடுநாள் ஆற்றாமை.

அடிப்படைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக் கிடாரின் தந்திக்குக் கீழே இருப்பது பிக்கப். காந்தத்தின் மேல் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அது வயரில் ஓடிப் பெடலுக்குப் போய், ஆம்ப்பில் பெருகி, ஸ்பீக்கரில் வெளியே வரும். ஃபஸ் பெடல் அலையின் தலையைச் சீவிவிடும். டிலே, வாசித்ததைச் சற்றுக் கழித்துத் திருப்பிச் சொல்லும். லூப்பர் அதையே விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும். மீதியெல்லாம் கேட்கக் கேட்கப் பழகிவிடும்.

மெட்டைத் தேடாதீர்கள். ஒலி மாறியதும் வாசிப்பவரின் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். டிலேயின் நேரத்தைக் கூட்டினால் கை தானாக நிதானத்துக்கு வரும். ஃபஸ்ஸை ஏற்றினால் முழு கார்டு கூழாகிவிடும், அதனால் இரண்டு மூன்று தந்தியோடு கை நிறுத்திக்கொள்ளும். ராக் இசையில் பாதி இப்படித்தான் பிறந்தது. 1964இல் லண்டனில் 17 வயது டேவ் டேவிஸ் தன் சின்ன எல்பிகோ ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தைச் சவர பிளேடால் கிழித்தார். கிங்க்ஸ் குழுவின் 'யூ ரியலி காட் மீ' பாட்டில் கேட்கிற கரகரப்பு அந்தக் கிழிசல்தான். பள்ளி வயதில் பிரையன் மே அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கட்டிய கிடாரின் கழுத்து, பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். அதன் சுருதியை நெளிக்கும் ட்ரெமொலோவில் இருப்பது மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங், பிடியின் நுனியில் பின்னல் ஊசி. குயீன் குழுவின் மேடைகளில் அவர் வாசித்தது அதைத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹம் வேறு, ஹிஸ் வேறு. இரண்டையும் 'நாய்ஸ்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஹிஸ் 'ஸ்ஸ்ஸ்' என்று மேலே மிதக்கும். டேப்பின் காந்தத் துகள், ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் எல்லாம் சேர்ந்து எழுப்புகிற, கருவியின் சொந்தச் சத்தம். அதற்குச் சுருதி இல்லை. ஹம் 'ம்ம்ம்' என்று அடியில் நிற்கும். அது கருவியுடையது அல்ல, வீட்டுடையது. சுவருக்குள் ஓடும் மின்சாரம் பிக்கப் சுருளில் ஏறிக்கொண்டு பாடுகிறது. அதற்குச் சுருதி உண்டு, அதுவும் கறாரான சுருதி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேற்கத்திய 'ஜி' 49. ஆக, தமிழ்நாட்டு வீடுகள் அத்தனையும் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் தூக்கலாக, நம் பாடகிகளின் சட்ஜத்துக்கு இரண்டு ஸ்தாயி கீழே, இரவு பகலாகச் சுருதி பிடித்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். ஐந்துக்கு ஆறு என்ற அந்த விகிதம் நம் கணக்கில் சாதாரண காந்தாரம். சென்னை வீடு 'ஸ' என்றால் நியூ ஜெர்சி வீடு 'க'. வீட்டில் பதிந்த ஒலியை வைத்து, அது எந்தப் பக்கத்து மின்சாரம் என்று சொல்லிவிடலாம். இதைப் போனின் ஸ்பீக்கரில் தேடாதீர்கள், 50 ஹெர்ட்ஸ் அதில் வரவே வராது. நல்ல ஹெட்போன் வேண்டும்.

இன்னும் முடியவில்லை. ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிடாரோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது கவனியுங்கள். நாற்காலியில் அப்படியே மெல்லத் திரும்புவார். ஒரு திசையில் ஹம் ஏறும், இன்னொரு திசையில் இறங்கும். இறங்கிய இடத்தில் நின்றுவிடுவார். தந்தியிலிருந்து கையை எடுத்ததும் 'ர்ர்ர்' என்று ஒரு இரைச்சல் எழும், உள்ளங்கையை வைத்ததும் அடங்கும். தந்திகள் எர்த்தோடு இணைந்திருப்பதால் அவர் உடம்பே தடுப்பாகிவிடுகிறது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் ஃபேன் இரண்டில் ஓடினால் ஆம்ப்பில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு சத்தம், ஐந்தில் வைத்தால் குறையும். கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வந்தால் ஃபேனோடு சேர்ந்து ஆம்ப்பும் முனகும். இத்தனையும் வாசிக்கிறவருக்குத் தெரியும். எந்த மூலையில் உட்காருவது, எப்போது கையை எடுப்பது எல்லாம் அவருக்கு வாசிப்பில் சேர்த்திதான்.

ஹம்மை ஒழிக்க வழி இல்லாமல் இல்லை. எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள் ஒன்றின் ஹம்மை மற்றொன்று அடித்துவிடும் ஹம்பக்கர் பிக்கப்புக்கு, கிப்ஸன் நிறுவனத்தின் செத் லவர் 1955இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். பேட்டரியில் ஓட்டினாலும் சுவரோடு ஒட்டுறவு விட்டுப்போகும். குப்பையில் கிடந்த சர்க்யூட் போர்டை வைத்து குயீன் குழுவின் ஜான் டீக்கன் கட்டிய குட்டி ஆம்ப் அப்படி 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. அதில் பிரையன் மே அடுக்கடுக்காக வாசித்ததைக் கேட்டால் கிடார் என்றே நம்ப மாட்டீர்கள். இதற்கெல்லாம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மூன்றாம் தந்தியை ஒரு நூல் ஏற்றி, வீட்டு ஹம்மோடு சுருதி சேர்த்துவிட்டு வாசிக்க ஆரம்பிக்கிறாரே ஒருவர், அவரைத்தான் நான் கும்பிடுவேன். தம்புரா மேட்டில் நூலைச் செருகி, நகர்த்தி நகர்த்தி ஜீவாளி பிடித்து, அந்த ரீங்காரத்தை வேண்டுமென்றே வரவழைத்த ஊர் இது. நமக்கா இது புரியாது?

ஹிஸ்ஸுக்கும் இடம் உண்டு, கொஞ்சம் கீழான இடம். 1979இல் டியாக் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டுடியோ வந்தது. சாதாரண கேஸட்டில் நான்கு டிராக். நான்கும் நிரம்பினால் மூன்றைக் கலந்து நாலாவதில் இறக்கி இடம் பண்ணவேண்டும், ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஹிஸ் ஒரு படி ஏறும். 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சி வீட்டில் இந்த இயந்திரத்தில் வெறும் மாதிரியாகத்தான் பாடிவைத்தார். பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் முயன்று பார்த்து, சரிப்படாமல், அந்தக் கேஸட்டையே 'நெப்ராஸ்கா' என்று வெளியிட்டார். அதில் ஹிஸ் வேறு வழியில்லாமல் வந்தது. இப்போது 'லோஃபை' என்ற பெயரில் சுத்தமாகப் பதிந்த பியானோ மேல் மென்பொருளைக் கொண்டு ஹிஸ்ஸையும் மழைச் சத்தத்தையும் தூவி விற்கிறார்களே, அது படிக்கிற பிள்ளைகளைத் தூங்கவைக்கலாம், வேறு எதற்கும் ஆகாது. விமர்சகர்களோ 'அசல்', 'பச்சை', 'நேர்மை' என்று மூன்று முத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றின் மேலும் குத்துகிறார்கள். இதில் பெடல் சேகரிப்பவர்கள் தனிச் சாதி. முப்பது பெடலை அலமாரியில் அடுக்கிப் படம் போடுவார்கள், ஒன்றின் மூடியையும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். சென்னை ரிச்சி தெரு பக்கம் உதிரிபாகம் தேடி அலைகிற ஆட்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து ஏசி 128 டிரான்சிஸ்டரைக் கழற்றி ஃபஸ் பெடல் கட்டுகிறவராக இருந்தால் இன்னும் விசேஷம். அது ஜெர்மேனியம். சூடு ஏறினால் அதன் குணமே மாறும். மார்கழிக் காலையில் குழைகிற அதே பெடல் மே மாத மதியத்தில் திக்கித் திக்கித் துப்பும். இரண்டையும் கேளுங்கள். "பாட்டு வாசி" என்று மட்டும் வாய் தவறியும் கேட்காதீர்கள். போகும்போது மறக்காமல் ஒரு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக்கொண்டு போங்கள். பெரும்பாலான பெடல்களில் வயரைச் செருகினாலே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும், இவர்கள் ஒருவரும் ராத்திரி அதைப் பிடுங்கிவைப்பதில்லை.