வாங்குபவன் காணாத பேதம்

ஒரே நேரத்தில் ஓடி, ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் நிரல்களுக்கு ராபின் மில்னர் 1980-இல் ஒரு கணிதம் வகுத்தார். அதன் உயிர்நாடி ஒரே கேள்விதான்: இரண்டு இயந்திரங்களை எப்போது 'ஒண்ணு' என்று சொல்லலாம்?

காசு போட்டதும், டீயோ காபியோ நாம் கேட்டதைத் தருவது ஓர் இயந்திரம். காசு விழுந்ததுமே தானாக முடிவுகட்டி, ஒன்றை மட்டும் தருவது மற்றொன்று. பேரேட்டில் இரண்டும் ஒண்ணுதான். ஆனால் இரண்டாவதன் முன்னே டீக்கு வந்தவன் வெறுங்கையோடு நிற்க நேரும். ஆகவே வரிசை ஒத்தால் போதாது, தேர்வு நடந்த தருணமும் ஒக்க வேண்டும் என்றார் மில்னர். டேவிட் பார்க் 1981-இல் தந்த இருவழி ஒப்புமை அதற்கு உரைகல்லாயிற்று.

இங்கேதான் எனக்கு ஒரு குறை. காசு போட்டு, பொத்தானை அமுக்கினால் இரண்டில் ஒன்று வரும் என்று வைப்போம். எது என்பதை இயந்திரம் காசு விழுந்ததும் தீர்மானித்தாலென்ன, பொத்தான் அமுக்கியபின் தீர்மானித்தாலென்ன? வாங்குபவனுக்குத் தெரியவே தெரியாது. இந்த உரைகல்லோ 'வேறு' என்கிறது. புரூக்ஸ், ஹோர், ராஸ்கோ மூவரும் 1984-இல் தந்த தராசு, எந்தக் கட்டத்தில் எதை மறுக்கும் என்று மட்டும் பார்த்து 'ஒண்ணு' என்கிறது.

மில்னர் வழியில் சரிபார்ப்பது கணினிக்குச் சுலபம், அதை மறுக்கவில்லை. ஆனால் நிறுக்கச் சுலபம் என்பதற்காக, யாரும் காணாத பேதத்துக்கு விலை வைக்கலாமா? கூடாது என்பதே என் துணிபு.