முத்துலட்சுமி ரெட்டியின் சட்டசபைப் பணி: ஒரு மதிப்பீடு

முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 - ஜூலை 22, 1968) மருத்துவர், சமூகச் சீர்திருத்தவாதி, பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர். தேவதாசி முறையை ஒழித்தவர் என்றே பொதுவாக அறியப்படுகிறார். ஆனால் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1947ல், அவர் சென்னை சட்டசபையிலிருந்து விலகி 17 ஆண்டுகள் கழித்து. உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்து நிறைவேற்றியது வேறொரு சட்டம். அவருடைய அரசியல் வாழ்க்கையின் வலிமையையும் எல்லையையும் அந்த இரு சட்டங்களுக்கும் இடையிலான தொலைவைக் கொண்டே மதிப்பிட முடியும்.

பின்னணி

முத்துலட்சுமி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியுடன் சேர்ந்து பயின்றார். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

1926ல் பெண்கள் சட்டசபைத் தேர்தலில் போட்டியிடும் உரிமை கிடைத்தது. அவ்வாண்டு மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் சிறிய வாக்கு வேறுபாட்டில் தோற்றார். முத்துலட்சுமி தேர்தலில் நிற்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் அரசு அவரை நியமன உறுப்பினராக்கியது. அவைக்கு வந்ததும் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்குக் கட்சி இல்லை, தொகுதி இல்லை. எந்த மசோதாவுக்கும் பிற உறுப்பினர்களின் ஆதரவை ஒவ்வொன்றாகத் திரட்ட வேண்டியிருந்தது.

1929ஆம் ஆண்டுச் சட்டம்

1927 நவம்பரில் கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் அது அரசுக்கான பரிந்துரை மட்டுமே. அடுத்து அவர் எடுத்த வழி நிலம் சார்ந்தது.

கோயில் பணிக்காக தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலங்கள் அளிக்கப்பட்டிருந்தன. பணி நின்றால் நிலம் போய்விடும். ஆகவே தன் மகளுக்குப் பொட்டுக்கட்ட விரும்பாத தாயும் நிலத்தை இழக்கும் அச்சத்தில் கட்டினாள். 1929ல் இந்து அறநிலையச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. குறைந்த வரி செலுத்தி, கோயில் பணி செய்யவேண்டிய கட்டாயமின்றி நிலத்தை வைத்துக்கொள்ள வழி ஏற்பட்டது.

இச்சட்டம் யாரையும் தண்டிக்கவில்லை, பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யவும் இல்லை. கட்டாயத்தின் பொருளியல் காரணத்தை மட்டும் நீக்கியது. ஒரு நியமன உறுப்பினர் ஒழுக்கம் பற்றிய முடிவற்ற விவாதத்தைச் சொத்துரிமைக் கேள்வியாக மாற்றி வென்றது சட்டசபை அரசியலில் அரிதான நிகழ்வு. மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது அவர் அவையில் அளித்ததாகக் கூறப்படும் ஒரு பதிலடி. அவருடைய கூர்மைக்கு அதைவிட நல்ல சான்று இந்தச் சட்டத் திருத்தம்.

ராஜினாமா

பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவை முத்துலட்சுமி 1930ல் முன்வைத்தார். அவ்வாண்டு மே மாதம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தி கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி விலகினார். மசோதா முன்னெடுப்பவர் இன்றி நின்றது.

இந்த முடிவு பொதுவாகத் தியாகமாக மட்டுமே குறிப்பிடப்படுகிறது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. 1937ல் காங்கிரஸ் சென்னை மாகாணத்தில் ஆட்சிக்கு வந்தது. ராஜாஜி அமைச்சரவை 1939ல் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டம் இயற்றியது, ஆனால் அதன் காலத்தில் தேவதாசித் தடைச்சட்டம் நிறைவேறவில்லை. எந்த இயக்கத்தின் பொருட்டு அவர் பதவியைத் துறந்தாரோ, அந்த இயக்கத்தின் முதல் ஆட்சியில் அவருடைய மசோதா சட்டமாகவில்லை. அவர் அவையில் நீடித்திருந்தால் சட்டம் முன்பே வந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த 17 ஆண்டுகளில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகளையும் கருத்தில் கொண்டே அந்த ராஜினாமாவை மதிப்பிட வேண்டும்.

எதிர்க்குரல்கள்

தேவதாசிகள் 1927லேயே சங்கமாகத் திரண்டு அரசுக்கு மனு அளித்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் முக்கியமானவர். தங்களை விலைமாதர்களாகக் கருதுவது தவறு, தங்களுக்குத் தேவை சமயக் கல்வியும் கலைக் கல்வியும் என்பது அவர்களின் வாதம். தத்தெடுக்கும் உரிமையும் பெண்வழிச் சொத்துரிமையும் அவர்களுக்கு இருந்தன. அன்றைய பிற இந்துப் பெண்களுக்கு அவை அநேகமாக இல்லை.

முத்துலட்சுமி இக்குரலை ஏற்கவில்லை. அவர் பார்வையில் அப்பெண்கள் மீட்கப்பட வேண்டியவர்கள், தங்களுக்காகப் பேசும் தகுதி பெற்றவர்கள் அல்லர். மறுபுறம், தேவதாசி மரபிலிருந்தே வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பை உறுதியாக ஆதரித்தார். பொட்டுக்கட்டப்படும் சிறுமிக்கு மனு எழுதும் வாய்ப்பே இல்லை. மருத்துவராக முத்துலட்சுமி கண்டது அச்சிறுமியை. அவருடைய நிலைப்பாட்டின் நியாயம் அங்கே இருக்கிறது.

ஆனால் கலை வாழ்வாதாரமும் ஆகும் என்பதை அவர் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை. 1932ல் சதிர் ஆட்டத்தை எதிர்த்து ஈ. கிருஷ்ண ஐயருடன் பத்திரிகையில் விவாதித்தார். அடுத்த சில ஆண்டுகளில் அதே ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் உயர்சாதிக் குடும்பங்களின் மேடைக் கலையானது. சீர்திருத்தமும் மறுமலர்ச்சியும் சேர்ந்தே தேவதாசிகளைக் கலையிலிருந்து அகற்றின என்பது அம்ரித் சீனிவாசன் முதலிய ஆய்வாளர்களின் வாதம்.

மதிப்பீடு

சென்னை சட்டசபையின் சட்டங்கள் சமஸ்தானங்களைக் கட்டுப்படுத்தாதவை. 1948ல் இந்திய ஒன்றியத்தில் இணையும்வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானமாகவே இருந்தது. ஆகவே முத்துலட்சுமி பெற்றுத்தந்த 1929ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பிறந்த ஊரில் செல்லுபடியாகவில்லை.

முத்துலட்சுமி சட்டசபையில் இருந்தது மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல். பின்னர் அவ்வை இல்லத்தையும் 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவினார். அவை அவர் கண்முன் வளர்ந்து நிலைத்தன. சட்டசபைப் பணியோ பாதியில் நின்றது, அதை முடித்தவர்கள் வேறு சிலர். 'ஒழித்தவர்' என்ற ஒற்றைச் சொல் அந்த இடைவெளியை மறைக்கிறது. நிலத்துக்கும் பணிக்கும் இடையிலான கட்டை அறுத்தவர் என்பதே அவருடைய சட்டசபைப் பணிக்குப் பொருத்தமான அடையாளம்.