4294967297: பட்டியலும் காரணமும்

ஒரு பேரெண்ணை எடுத்து அதன் பண்புகளை வரிசையாக எழுதிவைப்பது எண் ஆர்வலர்களின் நெடுநாள் பழக்கம். 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 கூட்டினால் வரும் 4294967297-க்கு அப்படியொரு பட்டியல் போடலாம். பகாக் காரணிகள் 641, 6700417. வகுஎண்கள் நான்கு, அவற்றின் கூட்டுத்தொகை 4301668356. இலக்கங்களைக் கூட்டினால் 59, அதுவும் பகா எண். இரும வடிவில் இரு முனையிலும் 1, நடுவே 31 பூஜ்ஜியங்கள்.

ஒவ்வொரு வரியையும் யாரும் சரிபார்க்கலாம் என்பது இந்த முறையின் பெரிய பலம். ஒரு பள்ளி மாணவி தாளில் பெருக்கிப் பார்த்தே காரணிகளை உறுதிசெய்துவிடுவாள். அந்த ஒரு வரிக்கு எவ்வளவு வலிமை! அடுக்கை 1, 2, 4, 8 என இரட்டித்துக்கொண்டே போய், 2-இன் அந்த அடுக்குடன் 1 கூட்டினால் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640-இல் ஃபெர்மா நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரை நம்பிக்கை பலித்தது. அடுத்தது நம்முடைய எண். 1732-இல் ஆய்லர் 641-ஐக் காட்டியதும் அந்தக் கருத்து சரிந்தது.

ஆனால் பட்டியலில் எல்லா வரிகளும் ஒரே தகுதியோடு நிற்கின்றன. அதுதான் எனக்கு உறுத்துகிறது. 59 என்பது நாம் பத்தடிமானத்தில் எழுதுவதால் வந்தது. எட்டடிமானத்தில் எழுதினால் கூட்டுத்தொகை 5 ஆகிவிடும். 3-ஆல் இந்த எண் வகுபடாது என்று 59-ஐ வைத்துச் சொல்லலாம், உண்மைதான். ஆனால் 59 பகா எண்ணாக அமைந்தது தற்செயல். இரும வடிவமோ எண்ணின் வரையறையையே திருப்பிச் சொல்கிறது.

641 ஏன் என்ற கேள்விக்குப் பட்டியலில் இடமே இல்லை. இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 தரவேண்டும் என்று ஆய்லர் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். முதல் நான்கும் வகுக்காது, ஐந்தாவது வகுக்கும். அதைப் பெருக்காமலும் காட்டலாம். 641 என்பது 5×2⁷+1, 5⁴+2⁴-உம் அதுவே. ஆகவே 641-ஆல் வகுக்கையில் 5×2⁷-இன் மீதியை −1 எனக் கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-இன் மீதி 1. 5⁴-க்குப் பதில் −2⁴ வைத்தால் −2³²-இன் மீதி 1. எனவே 2³²+1 மீதியின்றி வகுபடும். இந்தச் சில வரிகளில் கிடைக்கும் தெளிவு முழுப் பட்டியலிலும் இல்லை.

இதே வரிசையில் 2-இன் 1048576-ஆம் அடுக்குடன் 1 கூட்டிய எண்ணும் உண்டு, 315653 இலக்கங்கள். அது பகு எண் என்பது உறுதி, ஆனால் அதன் ஒரு பகாக் காரணிகூட இன்னும் கிடைக்கவில்லை. பட்டியலின் முதல் வரி காலி. 1877-இல் பெப்பின் தந்த சோதனைதான் இங்கே துணை: எண்ணில் 1 குறைத்துப் பாதியாக்கி, 3-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுக்கவேண்டும். எண்ணைவிட 1 குறைவாக மீதி வராவிட்டால் அது பகு எண். காலியாகக் கிடக்கும் முதல் வரியில் நான் அந்த மீதியைத்தான் எழுதுவேன்.